ஒரு மா குறுவை

பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது சம்பந்தி? அறுப்புக்கு நின்ன நெல்லுல உப்புத் தண்ணி அடிச்சது இளையபெருமாள்தான். நேத்து காதுகுத்துக்கு வந்து உங்களைக் கும்பிட்டாரே, வெள்ளைத் துண்டு போட்டவரு, அவரேதான். ஈ எறும்பைக் கூட மிதிக்காதவரு மாதிரி இருக்காரேங்கறீங்க. இருப்பாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் நான்.

ஆட்சி மாறி ரெண்டாவது வருசம் அது. ஊருல பாதி வீட்டுல கருப்பு சிவப்பு, அறுப்புக்கு வர்ற இளையபெருமாள் தெரு முழுக்கச் செங்கொடி. எங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கொடியும் இல்ல. கொடிக்கம்பம் நட எங்க வரப்புல குழி தோண்டக் கூடாது, அவ்வளவுதான் அவரு கொள்கை.

அந்தக் குறுவைக்கு அறுப்புக் கூலி கலத்துக்கு அரை மரக்கா நெல்லு கூட வேணும்னு சங்கத்துல கேட்டாங்க. முடியாதுன்னாரு இவரு. அப்படின்னா அருவா எடுக்க மாட்டோம்னாரு இளையபெருமாள். அவருதான் சங்கத் தலைவரு. அப்பல்லாம் அவரை நாங்க அவன் இவன்னுதான் பேசறது. அதைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க.

இவரு சும்மா இருப்பாரா? கடைக்காரர் காதர் மைதீன்கிட்ட போயி, அந்தத் தெருவுக்கு உப்பு புளி ஒரு சாமானும் அளக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நாகூர்லேருந்து வந்து கடை போட்ட மனுசன், ஊர்க்காரங்களை எதுத்து என்ன பேசுவாரு? அவரு மக லத்தீஃபா கல்யாணத்துல ஒரு நெய்ச்சோறு போட்டாங்க பாருங்க, அந்த வாசனை ரெண்டு நாளைக்குக் கையிலயே... சரி, அதை அப்பறம் சொல்றேன்.

புரட்டாசிக் கடைசியில பிடிச்சுது மழை. நின்ன பயிரெல்லாம் படுத்துடுச்சு.

பழைய நெல்லுன்னா தண்ணியில கெடந்தாலும் பத்து நாள் அசையாது, தூங்கும். இது கவர்மெண்டு குடுத்த புது ரகம். சீக்கிரம் வெளையும், எல்லாத்துலயும் அவசரம். வெயில் இல்லாம, காத்துல ஈரம் ஏறி, கதிரு தண்ணியில பட்டுதுன்னா தாள்ல இருக்கறப்பவே முளைச்சிரும். வலங்கைமான்ல எங்க அக்கா சாவித்திரி அப்படி முளைச்ச நெல்லை மாட்டுக்குக் கொண்டுபோய் வெச்சா. மாடு மோந்து பாத்துட்டு அக்காவை ஒரு பார்வை பாத்துச்சாம். மாமியார் கூட அப்படிப் பாத்ததில்லம்பா.

எங்களுக்கு வாய்க்கால் ஓரம் நாலு மா நெலம், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. வருசச் சாப்பாடு அதுலதான். கைப்பிள்ளையோட சேத்து ரெண்டு பிள்ளைங்க.

நாலாம் நாள் காலையில தூறல் விட்ட நேரம் பாத்து வயலுக்குப் போனேன். முதுகுல மருந்தடிக்கிற டப்பாவைக் கட்டிக்கிட்டு இளையபெருமாள் எங்க கதிருக்கு என்னமோ அடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒரு மா முடிச்சாச்சு. நான் ஒரு கதிரை உருவி நாக்குல வெச்சேன். விசமா இருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பத்தான் தோணுது. கரிச்சுது. உப்பு.

மண்ணை வாரித் தூத்தினேன் சம்பந்தி. அறுக்க வராட்டிப் போ, பிள்ளைங்களுக்குச் சோறு போடற மண்ணை மலடாக்கறியே, நல்லா இருப்பியான்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். விசேசம் நடந்த வீட்டுல அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது.

அவரு நிமிந்து கூடப் பாக்கல.

“வெயில் வரட்டும்மா, அப்பறம் திட்டுங்க”ன்னுட்டு டப்பாவை எறக்கிக் கழுவ ஆரம்பிச்சிட்டாரு.

இவருகிட்ட ஓடிவந்து சொன்னேன். போலீஸ் ஸ்டேசனுக்குக் கிளம்பினாரு. செருப்பைத் தேடி எடுக்கறதுக்குள்ள மறுபடி மழை. நாளைக்குப் போலாம்னு படுத்துட்டாரு. அவரு வீரமெல்லாம் அவ்வளவுதான். மறுநாள் தாசில்தாரே வந்து ரெண்டு பக்கமும் பேசி, கால் மரக்கா கூடன்னு முடிச்சுவெச்சாரு. வெயிலும் எட்டிப் பாத்துச்சு. அருவா இறங்குச்சு.

அறுத்தா, மூணு மா கதிரும் முளைப்பாரி மாதிரி வெள்ளை வெள்ளையா முளை விட்டுக் கெடக்கு. உப்பு அடிச்ச ஒரு மாவுல மட்டும் ஒரு மணி கூட முளைக்கல. அந்த ஒரு மாதான் எங்களுக்கு அந்த வருசச் சோறு.

இவரு நம்பல. விவசாயம் சொல்லிக்குடுக்க வர்ற கிராம சேவக்கைப் போய்க் கேட்டாரு. அவரு சிரிச்சாராம். மழையில சாய்ஞ்ச கதிருக்கு உப்புக் கரைசல் அடிங்க, முளைக்காதுன்னு பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு இதைத்தான சொன்னேன், நீங்க முன்னாடி நாற்காலியிலதான உக்காந்திருந்தீங்கன்னாராம். உக்காந்திருந்தாரு. வெத்தலையைப் போட்டுக்கிட்டுத் தூங்கினாரு. பின்னாடி தரையில இருந்தவரு காதுல விழுந்திருக்கு.

சரி, நாலு நல்ல வார்த்தை சொல்லலாம்னுதான் அந்தத் தெருவுக்குப் போனேன். அதுக்கு முன்ன நான் போனதில்ல. இளையபெருமாள் சம்சாரம் காளியம்மாள் வாசல்ல அவருக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தா. என் வாய் இருக்கே, நான் நினைச்சுட்டுப் போனதை அது என்னைக்குப் பேசியிருக்கு?

“வித்தை தெரிஞ்சவன் நாலு மாவுக்கும் அடிச்சிருக்கலாமில்ல? ஒண்ணைக் காப்பாத்திக் காட்டிட்டு மூணை வேணும்னேதான விட்ட?”ன்னு கேட்டேன்.

காளியம்மாள் வெடுக்குன்னு எந்திரிச்சா. அவரு கையைக் காட்டி அவளை உக்கார வெச்சாரு.

“நட்டவங்களே அழிய விடுவோமாம்மா? எங்க தெருவுல ஒம்பது வீடு. அத்தனை வீட்டு உப்புப் பானையையும் கவுத்துட்டோம். ஒரு மாவுக்குத்தான் வந்துச்சு”ன்னாரு.

ஏ மருமவளே அம்சம், தூறல் விழுது பாரு, மாடியில காயற உளுந்தை உள்ள அள்ளிக்கிட்டு வாம்மா.