அரையடி உயரம்

"இருக்கிறதுலயே பெரிய டயரா போடுங்க. முப்பது அங்குலம் கிடைக்குமா?"

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். தோட்டத்து மேடு பள்ளத்தில் ஓட்டுகிற நாலு சக்கர பைக், ஏடிவி. கம்பெனியே மாட்டி அனுப்பிய இருபத்தைந்து அங்குல டயர் நாலும் இன்னும் கல்லு மாதிரி இருந்தன.

"கிடைக்கும் தம்பி. ஆனா சும்மா மாட்டினா மட்கார்டுல உரசும். லிஃப்ட் கிட் போட்டு பாடியையே தூக்கணும். பிக்கப் குறையும். பெல்ட் சீக்கிரம் தேயும்."

"தேயட்டும்."

"சீட் அரையடி மேல போயிடும்."

"போகட்டும்."

"வண்டி உங்களுதா?"

"அப்பாவோடது." மகன் கட்டைவிரலால் வாசலைக் காட்டினான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். வண்டிச் சாவியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அவர் எப்படித் தம்பி ஏறுவாரு? பழைய இரும்புப் படி ஒண்ணு கிடக்கு. வெல்டு வச்சுத் தரேன். காசு கூட வேண்டாம்."

"படி கிடியெல்லாம் வேண்டாம். வண்டியோட லுக்கே போயிடும்."

மெக்கானிக்குக்குக் காதில் புகை வராத குறைதான். அப்பன் வண்டியில் மகனுக்கு ஷோக்கு! வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

மதியத்துக்குள் பழைய சக்கரங்கள் கழன்றன. லிஃப்ட் கிட் ஏறியது. பளபளவென்று புது வீல்கள் உட்கார்ந்தன. வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்த பெரியவரின் கால் பட்டு, ஓரத்தில் இருந்த ஸ்பேனர் தட்டு கலகலவென்று கவிழ்ந்தது.

"அடடா, பார்க்கலைப்பா."

"பரவாயில்லைங்க ஐயா."

"நட்டைக் குறுக்குக் குறுக்கா முடுக்கு தம்பி. வரிசையா முடுக்கினா வீல் கோணிக்கும்."

"ஐயாவுக்குத் தொழில் தெரியும் போலிருக்கே?"

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன்." பெரியவர் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

வண்டியைக் கீழே இறக்கினார்கள். உருவமே மாறிப்போயிருந்தது. ஹாண்டில்பாரை முழுக்கத் திருப்பிப் பார்த்தார் மெக்கானிக். எங்கேயும் உரசவில்லை.

"ஏறிப் பாருங்கப்பா," என்றான் மகன்.

பெரியவர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார். முழங்கால் பாதியிலேயே நின்றது. மூன்றாவது தடவை தடுமாறி, சீட்டைப் பிடித்துக்கொண்டார். மகன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னடா இது, வண்டி கேட்டா ஒட்டகம் பண்ணி வச்சிருக்கே!" பெரியவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "இதுல நான் எங்க ஏறுறது? இனிமே நீயே ஓட்டிக்கோ. பழைய வண்டின்னா கதையே வேற."

சாவியை நீட்டினார். மகன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பில் போட உள்ளே போனதும் மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. வயசான மனுஷன். கையில இருந்த வண்டியைப் பிடுங்கிட்டீங்களே, இது நியாயமா?"

மகன் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். கண் கலங்கியிருந்தது.

"அவர் ஓட்டவே கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லிட்டாருங்க. எதிர்ல இருக்கிறது தெரியும், ஓரத்துல வர்றது சுத்தமா தெரியாது. போன மாசம் வேலியில இடிச்சாரு. போன வாரம் என் பொண்ணு பக்கத்துல இருந்து ஓடி வந்தா. அவருக்குத் தெரியவே இல்லை. நான்தான் இழுத்தேன்."

மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரைப் போய் 'ஓட்டாதீங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பத்து நாளா தவிச்சேன். சாவியை ஒளிச்சு வச்சா குழந்தை மாதிரி நடத்தறேன்னு நினைப்பாரு. வண்டி உசரமாயிடுச்சுன்னா, குத்தம் வண்டி மேல போயிடுமில்ல? என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

மெக்கானிக்குக்குக் கூச்சமாக இருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த இரும்புப் படியைக் காலாலேயே அடியில் தள்ளினார். 'படுபாவி'ன்னு மனசுக்குள் திட்டினோமே இந்தப் பிள்ளையை!

மகன் போனில் பணம் அனுப்பிக்கொண்டிருக்க, பழைய டயர்களைக் கட்டிவைக்க மெக்கானிக் மட்டும் வெளியே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரியவர் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலி வாசலில் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஹாண்டில்பாரை ஒருமுறை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும், லாரி கேபினிலிருந்து குதிக்கிற மாதிரி ஒரே எட்டில் தரையில் இறங்கினார்.

"ஐயா... நீங்க..."

"உஷ்ஷ்! உள்ள கேட்டுடப் போகுது." பெரியவர் கதவைப் பார்த்துக்கொண்டார். "கண்ணு போறது எனக்குத் தெரியாதாப்பா? டாக்டர் அவனைத் தனியா கூப்பிட்டப்பவே புரிஞ்சுபோச்சு. பாவம், பத்து நாளா சரியா சாப்பிடலை அவன்."

"அப்ப நேராவே சாவியைக் குடுத்திருக்கலாமே ஐயா?"

"குடுத்தா, அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சேன்னு இன்னும் உடைஞ்சிடுவான்." பெரியவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, வலிக்காத முழங்காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். "அவனுக்குச் சொல்ல வாய் வரலை. அதான், எனக்கு ஏறக் கால் வரலை."