துப்பாக்கிக் குழலை வெட்டிய வாள்

மாலை வெயில் பரிசோதனைக்கூடத்து ஜன்னலில் சாய்ந்து, மேசைமேல் கிடக்கும் பழைய வாளில் நீரலை போன்ற வரிகளை எழுப்புகிறது. எஃகின் கடினத்தை அளக்கும் கருவியின் வைரமுனை அதன் முதுகில் அழுந்தி எழுகிறது. அது பதித்த சிறு குழியை லென்ஸில் அளந்துவிட்டு, சோதனை செய்யும் பெண் கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள். பெஞ்சின் ஒரு கோடியில் அண்ணன், மறு கோடியில் தங்கை. வாள் யாருக்கு என்ற சண்டையில் பல வருஷமாகப் பேச்சு நின்றுபோனவர்கள். “துப்பாக்கிக் குழலையே ரெண்டாக்கின வாள்னு அப்பா சொல்வாரும்மா,” என்கிறார் அண்ணன். அவள் தலையாட்டி மறுக்கிறாள். “சாதாரணக் கம்பியில போட்டாலே வாய் மடங்கிடும் சார். அந்தக் காலத்துக்கு இது நல்ல எஃகு, வரியும் அசல்தான். ஆனா இன்னைக்கு லாரிக்குப் போடுற ஸ்பிரிங் பட்டை இதைவிட நல்லா தாங்கும்.”

அண்ணன் தரையைப் பார்த்தபடியே கேட்கிறார்: “இதுக்காகவா அம்மா போன அன்னைக்குக்கூட ஆளுக்கொரு மூலையில நின்னோம்?” தங்கை புறங்கையால் முகத்தைத் துடைக்கிறாள். “நீயே எடுத்துட்டுப் போண்ணே.” “எனக்கு எதுக்கு? நீ வச்சுக்கோ.” இருவரும் எழுந்திருக்கவில்லை. கூடத்தைப் பூட்டவேண்டிய அந்தப் பெண், சாவிக்கொத்து குலுங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.