ஜன்னலோரக் கட்டில்

“கையைப் பிடிச்சுக்கோங்கக்கா. தொட்டுச் சொன்னாதான் அவருக்கும் நிம்மதி,” என்று பாஸ்டரம்மா காதோரம் கிசுகிசுத்தாள்.

பேக்கரி அக்கா கையை நீட்டவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவனின் முகம் முழுக்கக் கட்டு, கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பாவி, பார்க்கிறதைப் பார்!

விடிகாலையில் சைக்கிளில் ரொட்டி போடப் போன ஒரே மகளை லாரி அடித்துப் போட்டது. ஓட்டியவன் கண்ணயர்ந்துவிட்டானாம். சுவரில் மோதி அவனும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். ‘நாளைக்கு ஆபரேஷன். பிழைப்பேனோ மாட்டேனோ, அந்தம்மா வாயால மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாப் போதும்’ என்று பாஸ்டரிடம் அழுதிருக்கிறான்.

கேட்பதற்கென்ன, வாய் வலிக்குமா? அன்றிலிருந்து மாவு பிசையும்போதெல்லாம் அவள் அவன் கழுத்தைத்தான் பிசைந்துகொண்டிருந்தாள். சர்ச்சில் பரமண்டல ஜெபம் சொல்லும்போதும் மன்னிக்கிற வரி வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மனதில் இல்லாததை ஆண்டவரிடம் எப்படிச் சொல்வது?

வார்டில் தரை இன்னும் ஈரம் காயவில்லை. பினாயில் நெடி தொண்டையை அடைத்தது. கட்டில்கள் கோணல்மாணலாக நின்றன.

கடைசியில் கையை நீட்டி அவன் விரல்களைத் தொட்டாள்.

“எனக்கு ஒரே பொண்ணுய்யா. உன்னைச் சபிச்சுச் சபிச்சு என் வாயே கசந்துபோச்சு. போதும்பா. ஆண்டவர் சாட்சியா உன்னை மன்னிச்சிட்டேன். நீ நல்லா இருக்கணும்.”

அவன் கண்களிலிருந்து பொலபொலவெனக் கண்ணீர் கொட்டியது. பிடித்த கையை அவன் விடவேயில்லை. அவளும் விம்மி விம்மி அழுதாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது.

மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ் நின்றாள். “நீங்க இவருக்குச் சொந்தமாம்மா? அடுப்பு வெடிச்சு வந்தவரு. இத்தனை நாளா ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையேன்னு நினைச்சேன்.”

“இவரு... லாரி டிரைவர் இல்லையா?” பாஸ்டரம்மாவுக்கு நாக்குக் குழறியது. “ஜன்னலோரக் கட்டில்னு நேத்து பாஸ்டர் பார்த்துட்டு வந்து சொன்னாரே!”

“ஐயோ, காலையில வார்டு கழுவினோம்ல, கட்டிலையெல்லாம் மாத்திப் போட்டிருக்கு. டிரைவர் அதோ, கதவுகிட்ட.”

கதவருகே காலில் கட்டோடு ஒருவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் திரும்பியதும் இரண்டு கைகளையும் கூப்பினான்.

பாஸ்டரம்மா அவள் தோளைத் தொட்டாள். “பரவாயில்லக்கா, சொன்னது சொன்னதுதானே. வாங்க, அதையே அவர்கிட்டயும் சொல்லிடுங்க. நாலு எட்டுதான்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கால் நகரவில்லை.

“இன்னொரு தடவை என்னால முடியாது பாஸ்டரம்மா.”