கம்பளி அடுக்கும் வேலை

இத்தாலியில் யுத்தம். அமெரிக்க ராணுவ மருத்துவக் கூடாரத்தில் நர்ஸ் லெனோராவுக்கு லெப்டினன்ட் பதவி. அதிகாரியானவள் சாதாரண சிப்பாயோடு தனியாக ஒரு காப்பி குடிக்கவும் தடை.

"சிப்பாய்! விடிஞ்சா போர்முனைக்கு லாரி கிளம்புது. இன்னும் ஷேவ் பண்ணலையா?"

"பண்றேன், மேடம்!" காயம் ஆறி எழுந்த ஆர்வில் சல்யூட் அடித்தான்.

"அது கிடக்கட்டும். கம்பளி அடுக்கணும், ஸ்டோர் கூடாரத்துக்கு வா. இது ஆர்டர்!"

பக்கத்துக் கட்டில் எல்மர் உச்சுக்கொட்டினான். "கடைசி நாள்லயும் விடமாட்டேங்குறாளே! இந்த ராட்சசியை எந்த இளிச்சவாயன் கட்டிக்கப்போறானோ?"

லெனோராவின் காதில் விழுந்தது. கேட்காதவள் போல் நடந்தாள்.

"அந்த இளிச்சவாயன் நான்தான்டா. கட்டி நாலு வருஷமாச்சு," என்றான் ஆர்வில், சட்டையை மாட்டியபடி. "எங்க ஊரு அயோவாவுலயும் இதே அதட்டல்தான். சல்யூட்தான் புதுசு."

வாசலில் லெனோரா திரும்பினாள். "அடுக்கி முடியிற வரைக்கும் ஸ்டோர் பக்கம் எவனும் தலைவச்சுப் படுக்கக்கூடாது!"

படுத்தபடியே முதல் சல்யூட் அடித்தவன் எல்மர்தான்.