கம்பி கிழித்த கன்னம்
பல் மருத்துவரின் நாற்காலியில் மகள் வாயை இறுக மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். விளக்கு அவள் முகத்தில் வெள்ளையாய்க் கொட்டுகிறது. "பல்லுக் கம்பிய முறுக்கினா ரொம்ப வலிக்குமா டாக்டர்? இன்னும் எத்தன மாசம் போட்டிருக்கணும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். "வாயத் தொறடி!" என்று அப்பா உறுமுகிறார். மகள் மாட்டேனென்று தலையசைக்கிறாள். பளாரென்று அறை விழுகிறது. தட்டிலிருந்த குறடு தரையில் தெறித்து உருள்கிறது. பல்லில் மாட்டிய கம்பி உள்கன்னத்தைக் கிழித்துவிட, கழுத்தில் கட்டிய நீலத் தாளில் ரத்தம் சொட்டுகிறது. எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் இரைந்துகொண்டே இருக்கிறது. மறுபடியும் ஓங்கிய கையை மருத்துவர் எட்டிப் பிடிக்கிறார். "எம் பொண்ணு, நான் அடிப்பேன், விடுய்யா!" என்று அப்பா திமிறுகிறார். அம்மா பஞ்சை எடுத்து மகளின் வாய்க்குள் வைத்து அழுத்துகிறாள். "இங்கேருந்து போலீசுக்கு போன் பண்ணலாமா, டாக்டர்?" என்று கேட்கிறாள்.