அம்மா போட்ட வழக்கு

"பெத்த தாய் உங்க வீட்டுல ஒரு மூலை வேணும்னு கோர்ட் படி ஏறி வரணுமா? வெக்கமா இல்ல?" நீதிபதி கேட்டார்.

மகன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்ன பார்வை?"

"உத்தரவு இன்னைக்கே கிடைக்குமா ஐயா?"

நீதிபதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. 'தாயை மகன் தன்னுடனேயே வைத்துப் பராமரிக்க வேண்டும்' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேலயே என்னைப் புகார் சொல்ல வச்சுட்டியேடா."

"வேற வழி? இன்னைக்குள்ள கோர்ட் உத்தரவைக் காட்டலேன்னா கம்பெனி குவார்ட்டர்ஸ்ல உன்னைச் சேர்க்க மாட்டேங்கறாங்க. அதனாலதானே மனுவை நானே எழுதினேன்."

"பொய் சொன்னதுக்குச் சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேளும்மா. நம்ம வீட்டுல உக்காந்து நிதானமாக் கேளு."