மிஷினுக்குக் காட்டிய சேலை

“ஐயய்யோ, என்ன செய்றீங்க? நிறுத்துங்க!”

ஜீப்பை விட்டு இறங்கி மொட்டை மாடிக்கு வந்த ஹரிதா போட்ட சத்தத்தில், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

குளோரியின் கையில் ஒரு பழைய சேலை. அதை மிஷினுக்கு நேராகப் பிடித்துப் படபடவென்று உதறிக்கொண்டிருந்தாள். மாவு மாதிரி சாம்பல் நிறத் தூசி பறந்தது.

சாதாரண மிஷினா அது! காற்றை உறிஞ்சி, அதில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கிற மிஷின். உள்ளே இருக்கிற வெள்ளைத் தாளில் தூசி படியும். தாளை எடை போட்டால் விஷயம் தெரிந்துவிடும். அருமனைக்குப் பக்கத்தில் கல் உடைக்கிற கிரஷருக்கு மறுபடி அனுமதி கொடுக்கலாமா, கூடாதா என்பது அந்தத் தாள் கையில்தான் இருக்கிறது. லேப்பிலிருந்து ஹரிதா வந்திருப்பதே அதற்குத்தான்.

கிரஷர் மேல் மனு கொடுத்தது குளோரி. மிஷின் வைக்க மாடி கொடுத்ததும் அவள்தான்.

“மனு கொடுத்த நீங்களே தூசியை அள்ளிக் கொட்டுவீங்களா? இதுக்குப் பேரு பித்தலாட்டம்! நான் நினைச்சா உங்க மேல கேஸ் போடலாம், தெரியுமா?”

சத்தம் கேட்டு மாடிப்படியில் பாதி ஏறி வந்த பக்கத்து வீட்டு ஜெபதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏட்டி குளோரி, ஊருக்க மானத்தையே வாங்கிட்டியே!”

குளோரி சேலையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஹரிதாவுக்குக் கோபம் அடங்கவில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்தாள்.

“பாருங்க. இது முந்தாநாள் தாள். இது நேத்து உள்ளது. பால் மாதிரி வெள்ளையா இருக்கு. உங்க ரோட்டுல தூசியே இல்ல. குட்டு வெளிப்பட்டுப் போச்சேன்னு நீங்களே தூசி காட்டுறீங்களாக்கும்?”

“நேத்து ரோட்டுல ஒரு லாரி ஓடிச்சா மேடம்?”

ஹரிதா யோசித்துப் பார்த்தாள். ஓடவில்லை.

“முந்தாநேத்து?”

அன்றும் இல்லைதான்.

“நீங்க வாறதுக்கு முந்தியே கிரஷரப் பூட்டியாச்சு. டேங்கர்ல வெள்ளம் கொண்டு வந்து ரோட்டக் கழுவி விட்டாவ. எங்க கோயில் திருவிழாவுக்குக்கூட ஒருத்தனும் இந்த ரோட்ட இப்பிடிக் கழுவுனதில்ல. நீங்க மிஷினத் தூக்கிட்டுப் போன மறுநிமிஷம் லாரி ஓடும் பாருங்க.”

ஹரிதாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“அதுக்காக எங்கேயோ கிடக்குற தூசியை அள்ளிட்டு வருவீங்களா?”

“எங்கேயும் போயி அள்ளல்ல மேடம். இந்தச் சேலை எனக்க மோளு படுக்குற அறை ஜன்னல்ல கட்டியிருந்தது. அவ மூக்குல ஏறாம இருக்கட்டும்னு கட்டினேன். அப்பிடியும் ஏறிட்டு.”

குளோரி மடித்த சேலையைத் தடவிக்கொண்டாள்.

“அபினா மார்த்தாண்டத்துல ஆஸ்பத்திரில கிடக்கா. அஞ்சு வயசுப் பிள்ளை. மூச்சு எடுக்க முடியாம மாஸ்க் வச்சு மருந்து விடுதாவ. இந்தச் சேலைய உதறாம, துவைக்காம, கவருல கட்டி வச்சு, நீங்க வந்த அன்னைக்கே கொண்டு வந்து நீட்டினேன். ‘இதெல்லாம் எனக்கு வேண்டாம், மிஷின் சொல்றதைத்தான் எழுதுவேன்’னு சொல்லிட்டிய. நீங்கதான் பாக்கல்ல, மிஷினாவது பாக்கட்டும்னு காட்டினேன். தப்புதான் மேடம். மன்னிச்சிருங்க.”

ஜெபதாஸ் சத்தமில்லாமல் படி இறங்கிப் போனார்.

ஹரிதா கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். ‘தூசி அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று ரிப்போர்ட்டில் பாதியை நேற்றே எழுதி வைத்துவிட்டாளே, பாவி! கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் கதி?

“நான் வர்றது ரகசியமாச்சே அக்கா! எங்க வீட்டுல உள்ளவங்ககிட்டகூட எந்த ஊருன்னு சொல்லல. எவனோ காட்டிக் கொடுத்திருக்கான். யாருன்னு மட்டும் தெரியட்டும், சும்மா விடமாட்டேன்!”

குளோரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நெசமாவே உங்களுக்குத் தெரியாதா மேடம்? நான் உங்களுக்கும் இதுல பங்கு உண்டுன்னுல்லா நினைச்சேன்!”

“எனக்கா? என்ன சொல்றீங்க?”

“கீழ போயி, நீங்க ஏறி வந்த வண்டியப் பாருங்க.”

ஹரிதா தடதடவென்று படி இறங்கி ஓடினாள்.

வாசலில் ஜீப் நின்றது. லேப்பில் கொடுத்த நம்பருக்கு அவளே போன் பண்ணி, நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லி வரவழைத்த உள்ளூர் ஜீப். கழுவி விட்ட ரோட்டில் ஓடி ஓடி, கதவெல்லாம் தண்ணீர் தெறித்து நனைந்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த ‘அரசுப் பணி’ தாள் நனைந்து பாதி உரிந்து தொங்கியது.

உரிந்த இடத்தில், சிவப்பு எழுத்தில், கிரஷர் கம்பெனியின் பெயர்.

ஹரிதா அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள்.

டிரைவர் சுயம்புராஜ் ஓடி வந்து பணிவாகக் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறுங்க மேடம். அடுத்த செக்கிங்குக்கும் இதே மாதிரி முன்கூட்டியே எனக்கு ஒரு போன் போட்டுருங்க, என்னா? எல்லாம் ரெடி பண்ணி வைக்கணும்லா!”